சாத்தன்

சாத்தன் என்பது தமிழ் ஆண்மக்களுக்கு இட்டு வழங்கிய பழம்பெயர்களுள் ஒன்று. பெண்பால் வடிவம் சாத்தி. சங்க காலம் தொட்டுப் புலவர், வணிகர், படைத்தலைவர், உழவர் எனப் பலதரப்பட்டோரும் தாங்கிய பெயர் இது. ஐயனாருக்கும் இதுவே பெயர். ஊர்ப் பெயர்களிலும் குலப் பெயர்களிலும் இன்றும் நிலைத்திருக்கிறது.

சொற்பிறப்பு

பெயரின் தோற்றம் பற்றி இரு கருத்துகள் உண்டு. பழந்தமிழில் ‘சாத்து’ என்பது பொதிமாடுகளோடும் வண்டிகளோடும் கூட்டமாகச் செல்லும் வணிகரைக் குறிக்கும். அவர்களின் தலைவன், அல்லது அவர்களைக் காக்கும் தெய்வம் சாத்தன் என்பது ஒரு கருத்து. சிலப்பதிகாரக் கோவலனின் தந்தை மாசாத்துவானின் பெயரும் இச்சொல்லை அடியாகக் கொண்டதே. ஆள்பவன், ஆசான் என்று பொருள்படும் ‘சாஸ்தா’ என்ற வடசொல் பிராகிருத வழியாகச் சாத்தன் ஆயிற்று என்பது மற்றொரு கருத்து.

சங்க இலக்கியத்தில்

மணிமேகலையை இயற்றியவர் மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார். தானிய வணிகரான இவருக்குச் சீத்தலை ஊர்ப்பெயராகலாம் என்பர் ஆய்வாளர். வள்ளல் குமணனைப் பாடியவர் பெருந்தலைச் சாத்தனார். உறையூர் முதுகண்ணன் சாத்தனாரும் புறநானூற்றுப் புலவரே.

பாடப்பட்டோரிலும் சாத்தன்கள் உண்டு. பாண்டியன் கீரஞ்சாத்தனை ஆவூர் மூலங்கிழாரும், பிடவூர் கிழார் மகன் பெருஞ்சாத்தனை நக்கீரரும் பாடினர். ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் மாய்ந்தபோது, சூடுவாரின்றிப் பூத்த முல்லையை நோக்கிக் குடவாயிற் கீரத்தனார் பாடியது புறநானூற்றின் 242ஆம் பாட்டு. தமிழின் உருக்கமான கையறுநிலைப் பாடல்களுள் அது ஒன்று.

தந்தை பெயரை முன்னே வைப்பது அக்கால வழக்கம். கீரன் மகன் சாத்தன் கீரஞ்சாத்தன் ஆனான். சாத்தனின் தந்தை ‘சாத்தந்தை’ எனப்பட்டார். இப்புணர்ச்சிக்குத் தொல்காப்பியம் விதி வகுத்திருக்கிறது. சாத்தந்தையார் என்றே ஒரு புலவர் இருந்தார்.

எகிப்தின் செங்கடல் துறைமுகமான குசேர் அல்-காதிமில், கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பானை ஓடுகளில் சாதன், கணன் என்னும் பெயர்கள் தமிழ்ப் பிராமி எழுத்தில் கிடைத்துள்ளன. இவை சாத்தன், கண்ணன் என்பவற்றின் அக்கால எழுத்து வடிவங்கள். கடல் கடந்து வணிகம் செய்தோரிடையேயும் இப்பெயர் வழங்கியதற்கு இது நேரடிச் சான்று.

இலக்கண உரைகளில்

தொல்காப்பியத்துக்கும் நன்னூலுக்கும் உரை எழுதியோர் எடுத்துக்காட்டு வேண்டியபோதெல்லாம் சாத்தனையும் கொற்றனையுமே அழைத்தனர். எழுவாயும் வேற்றுமையும் தொகையும் சாத்தனைக் கொண்டே விளக்கப்பட்டன. உயர்திணைக்கும் அஃறிணைக்கும் பொதுவான விரவுப்பெயருக்கும் சாத்தனே சான்று. சாத்தன் வந்தான் என்றால் மனிதன். சாத்தன் வந்தது என்றால் எருது. ஆசையாக வளர்த்த மாட்டுக்கும் வைக்கும் அளவுக்கு இப்பெயர் மக்கள் வாயில் புழங்கியிருக்கிறது.

கல்வெட்டுகளில்

கி.பி. 773ஆம் ஆண்டுத் திருப்பரங்குன்றம் கல்வெட்டு, பாண்டியன் நெடுஞ்சடையனின் மாசாமந்தனாகிய கரவந்தபுரத்துச் சாத்தன் கணபதியின் திருப்பணியைக் குறிக்கிறது. சாத்தன் மகன் கணபதி என்பது அப்பெயரின் பொருள். அவர் மனைவி நக்கன் கொற்றி துர்க்கைக்கும் மூதேவியாகிய சேட்டைக்கும் கோயில் எடுத்தார். புதுக்கோட்டை நார்த்தாமலையில் பழியிலி ஈசுவரக் குடைவரையை அகழ்வித்தவர் முத்தரையர் குடியைச் சேர்ந்த சாத்தன் பழியிலி. அதே மலையிலுள்ள விசயாலய சோழீசுவரத்தை முதலில் கட்டியவர் சாத்தன் பூதி.

தெய்வப் பெயராக

சிலப்பதிகாரத்தின் கனாத்திறம் உரைத்த காதையில் பாசண்டச் சாத்தன் வருகிறான். பால் விக்கி இறந்த பிள்ளைக்கு ஈடாகத் தானே குழந்தையாகி மாலதி என்பவளின் துயர் தீர்த்து, வளர்ந்து தேவந்தியை மணந்த தெய்வம் அவன். சாத்தனைச் சிவனின் மகனாக அப்பர் தேவாரம் சொல்கிறது. இன்று ஐயனார், சாத்தையனார், சாஸ்தா என ஊருக்கு ஊர் பெயர் மாறினாலும் தெய்வம் ஒன்றே. தென்மாவட்டங்களில் பங்குனி உத்திரத்தன்று குடும்பங்கள் தத்தம் சாஸ்தா கோயிலைத் தேடிச் செல்கின்றன.

இன்றைய வழக்கு

சாத்தன் என்ற தனிப்பெயர் இப்போது அரிது. இப்பெயரை விவிலியத்தில் வரும் ‘சாத்தான்’ என்பதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது; அது எபிரேய மொழிச் சொல். ஒலியால் நெருங்கினாலும் இரண்டுக்கும் உறவில்லை. செட்டிநாட்டில் சாத்தப்பன், சாத்தையா என்னும் பெயர்கள் வழங்குகின்றன. கொங்கு வேளாளரில் சாத்தந்தை ஒரு குலம். திருவண்ணாமலை மாவட்டத்தில் அணையுள்ள சாத்தனூர், பெரம்பலூர் மாவட்டத்தில் கல்மரம் உள்ள சாத்தனூர், திருமூலர் வரலாற்றில் வரும் திருவாவடுதுறைச் சாத்தனூர் ஆகியவை இப்பெயரைத் தாங்குகின்றன. பேரனுக்குத் தாத்தாவின் பெயராகச் சாத்தப்பன் என்று வைக்கும் குடும்பம், சங்கப் புலவர்களின் காலத்திலிருந்து அறுபடாமல் வரும் ஒரு பெயரையே அவனுக்குக் கொடுக்கிறது.