காசைச் சுண்டிப் பார்த்த கதை

ஒரு டம்ளர். அதன் வாயில் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை. அட்டை மேல் ஒரு ரூபாய் நாணயம். அட்டையை விரலால் வேகமாகச் சுண்டினால் அட்டை பறந்துவிடும், காசு மட்டும் 'டிங்' என்று டம்ளருக்குள் விழும். ஏன் என்று கேட்டால் 'நிலைமம்' என்று எழுதி இரண்டு மார்க் வாங்கிவிடலாம். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்கு வந்து சேர மனிதர்களுக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் வருடம் ஆனது!

கி.மு. 4ம் நூற்றாண்டில் வாழ்ந்த அரிஸ்டாட்டில், தள்ளிக்கொண்டே இருந்தால்தான் ஒரு பொருள் நகரும் என்றார். மாட்டு வண்டியைப் பார்த்தால் அது சரி என்றுதான் தோன்றும். மாடு நின்றால் வண்டியும் நிற்கிறதே! உராய்வு இல்லாவிட்டால் சமதளத்தில் உருளும் பந்து நிற்க வேண்டியதில்லை என்று வாதிட்டவர் கலிலியோ. 1687ல் நியூட்டன் இந்தக் கருத்தையே தன் முதல் விதியாக்கினார்.

உராய்வின் கதை தனி. லியோனார்டோ டா வின்சி (மோனாலிசா வரைந்தவரேதான்) பாரம் இரண்டு மடங்கானால் உராய்வும் இரண்டு மடங்காகும் என்று தன் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். அது அச்சில் வரவில்லை. அதனால் 1699ல் பிரான்சின் அமோன்டன் அதை மறுபடியும் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. 1785ல் கூலும் விரிவாகச் சோதித்து உறுதி செய்தார்.

இங்கேதான் ஒரு சிக்கல். 'கனமான காசுக்கு நிலைமம் அதிகம், அதனால் அதுதான் சரியாக விழும்' என்று பலரும் சொல்வார்கள். இது பாதிதான் சரி. அமோன்டன் சொன்னபடி பார்த்தால், கனமான காசை அட்டையும் அதே அளவு கூடுதலாகத்தானே இழுக்கும்? இரண்டும் சரிக்குச் சரியாகப் போய்விடுகிறது. உண்மையில் முடிவு செய்வது நேரம். உராய்வுக் கெழு 0.3 என்று வைத்துக்கொண்டால், அட்டை 1/20 நொடியில் உருவப்பட்டால் காசு 4 மில்லிமீட்டர் கூட நகர்ந்திருக்காது. மெதுவாக இழுத்தால் காசு அட்டையோடு கூடவே போய்விடும்.

அப்படியானால் எந்தக் காசும் ஒன்றுதானா? இல்லை. ஆங்கிலேயர் கால வெள்ளி ரூபாய் 11.66 கிராம். 1957ல் நயா பைசா வந்தது. 1960களில் வந்த அலுமினிய ஒரு பைசா வெறும் 0.75 கிராம்! 2011ல் வந்த ஒரு ரூபாய் 3.79 கிராம். அட்டை கொஞ்சம் ஈரமாக இருந்தால் போதும், அலுமினியக் காசு ஒட்டிக்கொண்டு கூடவே பறக்கும். அந்த ஒட்டும் விசை காசின் எடையைப் பார்ப்பதில்லை. வெள்ளி ரூபாய் அதைச் சட்டை செய்யாது.

நிலைமம், உராய்வு இரண்டையும் நம்பியே ஓடுகிற ஒரு தொழிலும் உண்டு. அதுதான் நெசவு. 1733ல் இங்கிலாந்தில் ஜான் கே பறக்கும் நாடாவைக் கண்டுபிடித்தார். அதற்கு முன் நாடாவை ஒரு கையால் தள்ளி மறு கையால் வாங்க வேண்டும். ஆரணி, சந்தவாசல் பக்கத்துப் பட்டுத் தறியில் கயிற்றைச் சுண்டி இழுப்பதைப் பார்த்தால் காசுச் சோதனைதான் ஞாபகம் வரும். ஒரே ஒரு தட்டு. அதன் பிறகு நாடாவை யாரும் தள்ளுவதில்லை, தானே பாவின் ஊடே ஓடி மறுபக்கப் பெட்டிக்குள் உராய்ந்து நிற்கிறது. அங்கே உராய்வு குறைந்து நாடா திரும்பி எகிறினால் பாவுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். பட்டு இழைகள் அறுந்தால் ஒவ்வொன்றாக முடிந்த பிறகுதான் தறி மறுபடி ஓடும்.