அழித்தெழுதும் ஏடுகள்: வைகைச் சமவெளியின் எழுத்துப் பயிற்சி மரபு

மதுரையின் எழுத்து வரலாறு பெரும்பாலும் நிலைத்து நின்ற எழுத்துகளைக் கொண்டே எழுதப்பட்டுள்ளது. மாங்குளத்திலும் அழகர்மலையிலும் குகைத்தளங்களில் வெட்டப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள், கீழடியில் கிடைத்த எழுத்துப் பொறித்த பானையோடுகள், கோயிற் சுவர்களின் சாசனங்கள், ஓலைச்சுவடிகள் ஆகியவை இன்றும் கண்முன் இருப்பதால் ஆய்வாளர் அவற்றைத் தேடிச் செல்வது இயல்பே. ஆயினும் இவற்றைப் படைத்த கைகள் பழகிய எழுத்து வேறொன்று. அழிப்பதற்கென்றே எழுதப்பட்ட அந்த எழுத்து, தன் இயல்பினாலேயே எந்த அருங்காட்சியகத்துக்கும் வந்து சேரவில்லை.

நிலைத்த எழுத்துக்கு இவ்வூர் அளித்த மதிப்பை, ஏட்டை ஆற்றிலிட்டு நடத்திய புனல்வாதத்தின் கதை நன்கு காட்டுகிறது. பெரியபுராணம் கூறும் இவ்வரலாற்றின்படி, திருஞானசம்பந்தர் வைகையில் இட்ட ஏடு வெள்ளத்தை எதிர்த்துச் சென்றது. அது கரை சேர்ந்த இடமே மதுரைக்கு மேற்கேயுள்ள திருவேடகம் எனப் போற்றப்படுகிறது. வெள்ளமும் வெல்ல முடியாத ஏடு என்னும் இக்கருத்துக்கு ஓலையின் தன்மையும் துணைநின்றது. பதப்படுத்திய பனையோலையில் எழுத்தாணியால் கீறிய கோடு ஓலையின் உடலிலேயே பதிந்துவிடுவதால், மேலே பூசும் கரிமையைத் துடைத்தாலும் கீறல் மறையாது; பிழை நேர்ந்தால் அடித்துத் திருத்தலாமேயன்றி அழிக்க இயலாது. எழுத்தாணி பிடிக்கும் பக்குவம் வராத சிறுவனின் கையில் அத்தகைய ஓலையைக் கொடுப்பது வீண் என்பதாலேயே, அதற்கு முன்னதாக மணல் வந்தது.

ஓர் ஆசிரியர் தம் வீட்டின் அல்லது ஊராரில் ஒருவர் வீட்டின் திண்ணையில் நடத்திய தொடக்கப் பள்ளியே திண்ணைப் பள்ளிக்கூடம் எனப்பட்டது. அங்கே சேர்ந்த பிள்ளை, தரையில் பரப்பிய மணலில் ஆசிரியர் விரலைப் பிடித்து வழிநடத்த, எழுத்தின் ஒலியை உரக்கச் சொல்லிக்கொண்டே வடிவத்தை வரைந்தது. உள்ளங்கையால் மணலை நிரவிவிட்டால் அடுத்த எழுத்துக்கு இடம் ஆயிற்று. மணற்படுகை அகன்ற வைகைச் சமவெளியில் இந்தப் பாடஏட்டுக்கு ஒரு காசும் செலவில்லை. எழுத்தை மணலில் கற்றுத் தேர்ந்த பின்னரே அரிச்சுவடியும், வாய்பாடுகளைக் கொண்ட எண்சுவடியும் ஓலை வடிவில் பிள்ளையின் கைக்கு வந்தன.

இம்முறையின் சிக்கனம் அயலாரின் கண்ணையும் ஈர்த்தது. 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர் பிள்ளைகளுக்கான ஆதரவில்லத்தின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதைத் தம் இல்லத்திலும் புகுத்தினார். மூத்த மாணவர் இளையவருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் இதனோடு இணைத்து 1797இல் லண்டனில் அவர் வெளியிட்ட நூலின் வழியாக, 'மதராஸ் முறை' எனப் பெயர்பெற்று அது இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளுக்குப் பரவியது.

ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் சென்னை மாகாணம் முழுவதும் கல்வி நிலையைக் கேட்டறிய ஆணையிட்டார். மறு ஆண்டில் பெல்லாரி ஆட்சியர் கேம்ப்பெல் அனுப்பிய விடை, மணலுக்கு அடுத்த படியில் நின்ற இரு கருவிகளை விளக்குகிறது. ஒன்று, சோறும் கரித்தூளும் பூசப்பட்ட மரப்பலகை; மற்றொன்று, துணியைக் கஞ்சியால் விறைப்பாக்கிப் புத்தகம்போல் மடித்து, கரியும் பிசினும் கலந்த பூச்சைத் தடவிச் செய்த 'கடத' என்னும் துணி ஏடு. இரண்டிலும் வெண்ணிற மாக்கல் குச்சியால் எழுதி ஈரத்துணியால் துடைத்தனர். அக்குச்சியைக் குறிக்கும் கன்னடச் சொல்லாகிய 'பலப' தமிழில் 'பலப்பம்' என வழங்குவது, அழித்தெழுதும் மரபு மொழி எல்லைகளைக் கடந்து பொதுவாக இருந்ததைக் காட்டுகிறது.

புதுமுறைப் பள்ளிகள் பெருகியபோது மணலின் இடத்தைச் சிலேட்டு பிடித்தது. ஆந்திரத்தின் மார்க்காபூரில் வெட்டியெடுத்த கற்பலகைகள் மரச்சட்டம் பூண்டு பள்ளிப்பைகளில் ஏறின. பலகை வெளிறும்போது கோவையிலையைக் கசக்கிக் கரியோடு தேய்த்துக் கருமையேற்றுவது பிள்ளைகளே செய்த பராமரிப்பு. தாள் மலிந்த பின்னர்ச் சிலேட்டு தொடக்க வகுப்புகளோடு நின்று, மேல்வகுப்புகள் முழுவதும் நோட்டுப்புத்தகத்துக்கு மாறின.

2010களின் நடுவில் அமெரிக்காவில் தோன்றிய 'ராக்கெட்புக்' போன்ற ஸ்மார்ட் நோட்டுகள் இந்த நெடிய வரிசையின் அண்மைக் கண்ணியாகும். இவற்றின் பக்கங்கள் மரக்கூழுக்குப் பதிலாகப் பாலியெஸ்டர் கலந்த செயற்கைத் தாளால் ஆனவை. ஜப்பானின் பைலட் நிறுவனம் உருவாக்கிய, சுமார் 60 பாகை செல்சியஸ் வெப்பத்தில் நிறமிழக்கும் 'ஃபிரிக்ஷன்' மைப் பேனாவால் இவற்றில் எழுதுகின்றனர். செயற்கைத் தாளில் அந்த மை ஊறிவிடாமல் மேற்பரப்பிலேயே உலர்வதால், ஈரத்துணியால் துடைத்தவுடன் பக்கம் வெறுமையாகிறது. துடைப்பதற்கு முன் கைப்பேசியால் படமெடுத்தால், பக்கத்தின் அடியில் அச்சிட்டுள்ள குறிகளில் எதை எழுதுபவர் அடையாளமிட்டாரோ, அதற்கென அமைத்த மின்னஞ்சலுக்கோ இணையச் சேமிப்பகத்துக்கோ படம் சென்று சேர்கிறது.

ஈரத்துணியளவில் கடத ஏட்டுக்கும் இதற்கும் வேறுபாடு மிகச் சிறிது. உண்மையான வேறுபாடு, அழிந்த எழுத்து எங்கே சென்று தங்குகிறது என்பதில் உள்ளது. மணலில் எழுதிய பிள்ளைக்கு நிரவிய எழுத்தை வைத்துக்கொள்ள நினைவைத் தவிர வேறு இடமில்லாததால், சொல்லிக்கொண்டே எழுதுவதும் மாலையில் கூட்டமாக முறைசொல்வதும் கல்வியின் உடலாக அமைந்தன. ஸ்மார்ட் நோட்டு அந்தப் பொறுப்பைத் தொலைவிலுள்ள கணினிக்கு மாற்றிவிடுகிறது. தாளை மிச்சப்படுத்தும் அதன் பயன் மெய்யானது. அன்றாடக் குறிப்புக்கு அது ஏற்ற கருவியும்கூட. எனினும், விஜயதசமியன்று தட்டில் பரப்பிய அரிசியில் குழந்தையின் விரலைப் பிடித்து அகரம் எழுதுவிக்கும் பெற்றோர், வாயாலும் அதைச் சொல்லச் செய்கின்றனர். பக்கத்தைத் துடைக்கும் முன் எழுதியதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கும் பழக்கம் சேருமாயின், திண்ணைப் பள்ளி விட்டுச்சென்ற பயிற்சியின் சாரமும் புதிய ஏட்டோடு தொடரும்.