குத்தகை முகவரி: கொல்கத்தா இணைப்பகம் முதல் நெட்வொர்க் சுவிட்ச் வரை

கொல்கத்தாவின் முதல் தொலைபேசி இணைப்பகமான 'சென்ட்ரல் எக்ஸ்சேஞ்ச்' 1882 ஜனவரி 28 அன்று கவுன்சில் ஹவுஸ் தெரு 7-ஆம் எண் கட்டடத்தில் 93 சந்தாதாரர்களோடு திறக்கப்பட்டது. தொலைபேசி எண் என்பது ஒரு கம்பியின் முனைக்கு உரியது என்பதே இணைப்பக வழக்கமாயிற்று. வேறோர் இணைப்பகத்தின் எல்லைக்குள் குடிபெயர்ந்தவர் பழைய எண்ணை விட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது. 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் நிறுவனம் கொல்கத்தா உள்ளிட்ட நகரங்களில் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியபோது, அதே தொலைபேசிக் கம்பியின் மேல் வேறொரு வகை எண் வந்து அமர்ந்தது. 'ஷெல்' கணக்கு வைத்திருந்தவரின் கணினிக்கு இணைய முகவரியே கிடையாது. அவர் கண்டது நிறுவனத்தின் கணினியில் ஓடிய எழுத்துத் திரையை மட்டுமே. 'டிசிபி/ஐபி' கணக்குக்காரருக்கோ, மோடம் இணைந்ததும் பிபிபி நெறிமுறை வழியே ஓர் ஐபி முகவரி கிடைக்கும்; அழைப்பு துண்டிக்கப்பட்டால் அது அடுத்தவருக்குப் போகும். எண்ணுக்கும் கம்பிக்கும் இருந்த நூறாண்டுப் பிணைப்பு அவிழ்ந்தது இங்கேதான்.

முகவரிப் பற்றாக்குறைதான் இந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது என்பது பரவலான விளக்கம். கால வரிசை அதற்கு முழுதும் இடம் தரவில்லை. 1984-இல் வந்த ரார்ப் நெறிமுறையும், 1985 செப்டம்பரில் பில் குரோஃப்ட், ஜான் கில்மோர் இருவரும் வெளியிட்ட பூட்பி நெறிமுறையும் வட்டு இல்லாத கணினிகளுக்காக எழுந்தவை. அப்படிப்பட்ட கணினி விழித்தெழும்போது தன் முகவரியைத் தானே அறியாது; சர்வரிடம் உள்ள பட்டியலைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ளும். பற்றாக்குறை பெரும் கவலையாக வளருமுன்பே முகவரியின் அதிகாரம் கருவியைவிட்டுப் பதிவேட்டுக்கு நகர்ந்துவிட்டது என்பதே இதன் பொருள். பக்னல் பல்கலைக்கழகத்தின் ரால்ஃப் டுரோம்ஸ் 1993 அக்டோபரில் வெளியிட்ட டிஎச்சிபி நெறிமுறை அந்தப் பதிவேட்டில் காலக்கெடு என்ற பத்தியைச் சேர்த்தது. அன்றுமுதல் முகவரி குத்தகைப் பொருள் ஆயிற்று. பற்றாக்குறை இந்த ஏற்பாட்டை விரைந்து பரப்பியது உண்மை. ஆசிய-பசிபிக் வட்டாரத்தின் பொதுக் கையிருப்பு 2011 ஏப்ரலில் தீர்ந்த பிறகு, ஒரே பொது முகவரியின் பின்னால் பல வீடுகளை நிறுத்துவது சேவை நிறுவனங்களின் வழக்கமாயிற்று. ஆயினும் முகவரிக்குப் பஞ்சமே இல்லாத ஐபிவி6-க்கும் 2003-இல் தனியே ஒரு டிஎச்சிபி எழுதப்பட்டது. அதே ஐபிவி6-இல் கருவியே தன் முகவரியை உருவாக்கிக்கொள்ளும் வழியும் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் யாரிடம் எந்த முகவரி உள்ளது என்று பதில் சொல்லவேண்டிய வலையமைப்புகள் பதிவேட்டைக் கைவிடவில்லை.

நெட்வொர்க் சுவிட்சின் நிலை இதில் தனித்தன்மை உடையது. கருவியின் வன்பொருள் அடையாளமான மேக் முகவரியைப் பார்த்துத் தரவுச் சட்டங்களைப் போர்ட்டுக்குப் போர்ட் கடத்த அதற்கு ஐபி முகவரி தேவையே இல்லை. நிர்வாகி தொலைவிலிருந்து உள்ளே நுழைந்து அமைப்புகளை மாற்றவும் கண்காணிக்கவுமே அந்த முகவரி. அதைப் பெற சுவிட்சும் மற்றக் கருவிகளைப் போல வலையமைப்பு முழுவதற்கும் குரல்கொடுக்கிறது, சர்வர் ஒரு முகவரியை முன்வைக்கிறது, சுவிட்ச் அதை வேண்டுகிறது, சர்வர் உறுதிசெய்கிறது. இயல்பான அமைப்பில், குத்தகையின் பாதிக் காலத்தில் அதே சர்வரிடம் புதுப்பிக்கக் கேட்கும். பதில் வராவிட்டால் எட்டில் ஏழு பங்கு கழிந்ததும் எந்த சர்வரிடமும் கேட்கும். குத்தகைக்காரராகிய சுவிட்சே கணக்கரும் ஆகிறது என்பதுதான் இங்கே கவனிக்கவேண்டியது. டிஎச்சிபி ஸ்னூப்பிங் இயங்கும் சுவிட்ச், நம்பகமற்ற போர்ட்டிலிருந்து போலி சர்வர் அனுப்பும் பதிலைத் தடுத்து, எந்த மேக், எந்த ஐபி, எந்தப் போர்ட், எவ்வளவு காலம் என்று தானே குறித்துவைக்கிறது. 2001 ஜனவரியில் வரையறுக்கப்பட்ட 'ஆப்ஷன் 82' கேட்பவரின் போர்ட் அடையாளத்தையும் சர்வருக்குச் சொல்லிவிடுகிறது. கவுன்சில் ஹவுஸ் தெருவில் எண்ணுக்கும் கம்பிக்கும் இருந்த பிணைப்பு இப்படிப் பதிவேட்டுக்குள் மீண்டும் வந்து சேர்கிறது.

சுவிட்சுக்குக் கையால் எழுதிய நிலையான முகவரியே நல்லது என்பர் பல நிர்வாகிகள். வங்காளக் கோடைப் புயலான கால்பைசாகியில் மின்சாரம் போய் வரும்போது சர்வருக்கு முன்பே சுவிட்ச் எழுந்துவிட்டால் அதற்கு முகவரி கிடைக்காது என்பது அவர்கள் வாதம். இதில் நியாயம் உண்டு. ஆனால் அந்த இடைவெளியிலும் ஒரே விலானுக்குள் (மெய்நிகர் உள்வலைக்குள்) தரவு ஓடிக்கொண்டுதான் இருக்கும், சுவிட்சும் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். கொல்கத்தாவின் சால்ட் லேக் ஐந்தாம் செக்டரைப் போல அலுவலகங்கள் நெருங்கிய இடத்தில், மாடிக்கு மாடி சுவிட்ச் வைத்து ஒவ்வொன்றின் முகவரியையும் கையால் எழுதினால் ஒரே எண் இரண்டு இடத்தில் விழும் ஆபத்து அதைவிடப் பெரிது. சர்வரை அடையும் வழியில் உள்ள முதன்மைச் சுவிட்சுக்கு மட்டும் நிலையான முகவரி, மற்றவற்றுக்கு மேக் வழியே ஒதுக்கிய குத்தகை என்பதே சரியான ஏற்பாடு. குத்தகை முறையில் பதிவேட்டையும் காத்தாக வேண்டும்: கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாள் காக்கவேண்டும் என்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று ஆணையிட்டது. கை மாறிக்கொண்டிருக்கும் முகவரி எந்த நேரத்தில் யாரிடம் இருந்தது என்பதை அந்தப் பதிவு இல்லாமல் எவராலும் சொல்ல முடியாது.