இறால் ஓடும் ஈஸ்டின் சுவரும்: கைட்டின் ஆய்வு தரும் பாடம்

மட்டாஞ்சேரிக் கரையில் நின்றால் எதிரே வெல்லிங்டன் தீவு தெரியும். கொச்சித் துறைமுகத்திற்காகக் காயலை ஆழப்படுத்தியபோது அள்ளிய மண்ணால் உருவான தீவு அது. 1957இல் தொடங்கப்பட்ட மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இன்று அங்கேதான் இயங்குகிறது. ஏற்றுமதி ஆலைகள் கழிவாக ஒதுக்கும் இறால் ஓடுகளிலிருந்து கைட்டினைப் பிரித்தெடுக்கும் முறைகளை வகுத்தது அதன் முக்கியப் பணிகளுள் ஒன்று.

கைட்டின் என்றதும் ஓடும் பூச்சியுமே நினைவுக்கு வருகின்றன. ஆனால் 1811இல் பிரெஞ்சு வேதியியலாளர் பிராக்கோனோ அப்பொருளை முதலில் கண்டது காளானில். ‘கைட்டின்’ என்ற பெயர், பூச்சிகளை ஆராய்ந்த ஓடியே 1823இல் இட்டது.

பூஞ்சை இனத்தைச் சேர்ந்த ஈஸ்டின் செல்சுவரில் கைட்டின் மிகச் சிறிய பங்கே. ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு. எனினும் தாய்செல்லில் மொட்டு அரும்பும் இடத்தில் வளையமாகவும், பின்னர் இரண்டையும் பிரிக்கும் குறுக்குச்சுவராகவும் அது அமைகிறது. அந்தச் சுவரைக் கட்டும் நொதி எது என்பதே ஆய்வாளர்களின் கேள்வி. என்ரிகோ கபீப் முதலானோர் 1970களில், செல்சாற்றில் செயலற்ற நிலையில் இருந்து, புரதச்சிதைப்பு நொதியால் தூண்டப்படும் ஒரு கைட்டின் ஆக்க நொதியை விரிவாக ஆராய்ந்தனர். சோதனைக்குழாயில் அளக்கப்பட்ட செயல்திறனில் பெரும்பகுதி அதனுடையது. ஆகவே குறுக்குச்சுவரைக் கட்டுவதும் அதுவே எனக் கருதப்பட்டது.

1986இல் அந்நொதிக்குரிய மரபணுவான சி.எச்.எஸ்.1 பிரித்தெடுக்கப்பட்டுச் செயலிழக்கச் செய்யப்பட்டது. செல்கள் சாகவில்லை, கைட்டினும் குறையவில்லை. தொடர்ந்த ஆய்வுகள் இரண்டாம், மூன்றாம் நொதிகளை வெளிப்படுத்தின. முதன்மைக் குறுக்குச்சுவரைக் கட்டுவது இரண்டாவது. மொட்டு வளையத்தையும் கைட்டினின் பெரும்பகுதியையும் தருவது மூன்றாவது. முதலாவதோ, சேய்செல் பிரியும்போது சுவரில் ஏற்படும் சேதத்தைச் செப்பனிடுவது.

இரண்டாவது நொதி இன்றியமையாதது என்று 1988இல் வெளியான முடிவும் நிலைக்கவில்லை. அது இல்லாத சில ஈஸ்ட் வகைகள், ஒழுங்கற்ற தடித்த சுவருடன் உயிர்வாழ்ந்தன. மூன்றாவது நொதி அந்த இடத்தை ஈடுசெய்தது. மூன்றையும் நீக்கியபோது செல்கள் பிழைக்கவில்லை.

இது ஈஸ்டோடு முடியும் செய்தி அன்று. மனித உடல் கைட்டினை ஆக்குவதில்லை. எனவே பூஞ்சை நோய்க்கான மருந்துக்கு இந்நொதிகள் நல்ல இலக்கு. ஆனால் ஈஸ்டில் நிக்கோமைசின் இசட் என்னும் பொருள் மூன்றாவது நொதியையே வலுவாகத் தடுக்கிறது. ஒன்றைத் தடுத்தால் மற்றொன்று ஈடுகொடுக்கக்கூடும்.

சோதனைக்குழாயில் மிகுதியாகத் தென்படுவது செல்லுக்கு மிகவும் தேவையானதாக இருக்க வேண்டியதில்லை. எளிதில் அளக்க முடிந்ததையே முதன்மையானது என்று கொள்ளும் பழக்கம் எல்லாத் துறைகளிலும் உண்டு. அதை நீக்கிப் பார்த்த பின்னரே அதன் இடம் தெரியும் என்பதுதான் இந்த ஆய்வு வரலாறு தரும் பாடம்.