இரு பாய்களுக்கு இடையே: ஒரு பிழையான விளக்கத்தின் வரலாறு

சிறிய பாய்மரப் படகு காற்றை எதிர்த்துச் சாய்வாகச் செல்லும்போது, முன்பாயைப் பெரும்பாயோடு எவ்வளவு நெருக்க வேண்டும்? படகோட்டிகளின் கைகள் இதற்கு விடை அறிந்திருந்தன. முன்பாயை மிகவும் இறுக்கினால் பெரும்பாயின் முன்விளிம்பு துவளும். மிகவும் தளர்த்தினால் முன்பாயே படபடக்கும். பாயை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிற்றை விரற்கடை அளவு இறுக்கியும் தளர்த்தியும் அவர்கள் நடுநிலையைக் கண்டனர். இம்முறை ஏன் பலித்தது என்பதற்கான விளக்கந்தான் நெடுங்காலம் பிழைபட்டிருந்தது.

1925இல் மான்ஃபிரட் கறி பாய்களின் காற்றியக்கம் குறித்து ஜெர்மன் மொழியில் ஒரு நூலை வெளியிட்டார். 1928இல் அது ஆங்கிலத்திலும் வந்தது. குழாயின் குறுகிய பகுதியில் நீர் விரைவதைப் போல, இரு பாய்களுக்கு இடைப்பட்ட சந்தில் காற்று வேகமடைந்து பெரும்பாயின் விசையைக் கூட்டுகிறது என்னும் கருத்து அந்நூல் வழியே பரவியது. பின்வந்த கையேடுகள் பலவும் அதையே வழிமொழிந்தன.

ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின் ஆர்வெல் ஜென்ட்ரி இதனை மறுத்தார். அவர் விமானக் காற்றியக்கவியலாளர், படகோட்டியும்கூட. 1971இல் ஆய்வரங்கக் கட்டுரையாகவும், 1973 முதல் 'செயில்' இதழிலும் தம் முடிவுகளை எழுதினார். குழாய்க்குச் சுவர் உண்டு. திறந்த வெளியில் காற்று விலகிச் செல்ல வழியுண்டு. எனவே சந்துக்குள் நுழைய வேண்டிய காற்றின் ஒரு பகுதி முன்பாயின் வெளிப்புறமாகத் திரும்பிவிடுகிறது. பெரும்பாய் தனித்திருக்கும்போது அதன் முன்விளிம்பருகே காற்றுக்கு இருக்கும் வேகம், முன்பாய் வந்தபின் குறைகிறது. அதனால் காற்று பாயைவிட்டுப் பிரியாமல் ஒட்டிச் செல்கிறது. கூடுதல் வேகம் பெறுவது முன்பாயின் வெளிப்புறக் காற்றே. பெரும்பாயின் முன்விளிம்பு துவள்வதும் விரைந்த காற்று மோதுவதால் அன்று. அங்கு இருபுற அழுத்தமும் சமமாவதால்தான்.

கயிற்றைப் பிடித்த கை செய்தது சரி. நூல் சொன்ன காரணம் தவறு. ஒரு செய்முறை வெற்றி பெற்றமை, அதற்குக் கூறப்பட்ட காரணத்தை மெய்ப்பிக்காது. காரணம் பிழையானது என்பதால் செய்முறையும் பொய்யாகிவிடாது.

இந்தியத் தொழில்நுட்ப வரலாறு பயில்வோர்க்கு இது முக்கியமானது. சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகு வடிவங்களைப் பற்றிய தம் விரிவான ஆய்வை 1920இல் வெளியிட்டார். அத்தகைய பதிவுகளைப் படிக்கும்போது, “இம்மீனவர்கள் அறிவியல் அறிந்திருந்தனரா?” என்றே நாம் முதலில் கேட்கிறோம். அதே கேள்வியை 1925க்குப் பிந்தைய ஐரோப்பியக் கையேடுகளிடம் கேட்டால் அவையும் தேறமாட்டா. இரு தரப்பாரிடமும் முதலில் கேட்க வேண்டியது, பாயை எவ்வாறு இழுத்தனர், எதைக் கண்டு திருத்தினர் என்பதே. காரணம் பற்றிய விசாரணை அதன் பின்னர் வரட்டும்.