ஹெரால்டின் பின் ஆக்சிலும் சென்னைப் பட்டறைகளும்

ஊரில் எந்த வண்டி ஓடுகிறதோ, அதைப் பொறுத்துத்தான் அந்த ஊர் மெக்கானிக்கின் கைத்திறனும் அமையும். உத்தர்பாராவில் அம்பாசடரும் பம்பாயில் பியட்டும் தயாரான காலத்தில், சென்னைக்குத் தெற்கே வண்டலூர் வட்டாரத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டைத் தயாரித்தது. மற்ற இரண்டு கார்களுக்கும் இரு பின் சக்கரங்களையும் இணைக்கும் ஒரே முழு ஆக்சில். ஹெரால்டுக்கு அப்படியில்லை. அந்த வேறுபாடுதான் எங்கள் பட்டறைகளுக்குத் தனிப் பாடமாயிற்று.

அதன் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. கவென்ட்ரியின் ஸ்டாண்டர்டு-ட்ரையம்ப் நிறுவனத்துக்குப் பாடி செய்து கொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953இல் போட்டி நிறுவனமான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு பாடியைச் செய்து தர ஆளில்லை. ஆகவே தனி சேஸிஸ், அதன்மேல் போல்ட்டில் பூட்டும் தகடுகள் என்ற பழைய வழிக்கே திரும்பினார்கள். இத்தாலியரான ஜியோவன்னி மிகெலோட்டி உருவம் கொடுக்க, 1959இல் ட்ரையம்ப் ஹெரால்டு வெளிவந்தது. பாகம் பாகமாகக் கப்பலேற்றி வேறு நாட்டில் பூட்டிக்கொள்ள வசதியான அமைப்பு. அதுதான் இந்தியாவுக்கும் வந்தது.

அதன் பின்பக்கத்தில் கிரவுன்-பினியன் பெட்டி சேஸிஸோடு பூட்டப்பட்டிருக்கும். பெட்டியின் தலைமேல் குறுக்காக ஒரு கமான் பட்டை. பெட்டியிலிருந்து இருபக்கமும் தனித்தனி ஷாஃப்ட். ஒவ்வொன்றின் உள்முனையிலும் ஒரு கிராஸ் ஜாயின்ட். சக்கரம் மேலும் கீழும் போகும்போது அந்த ஜாயின்ட்டை மையமாக வைத்து மொத்த ஷாஃப்டும் ஊசலாடும்.

நான் தொழில் படித்த புதுப்பேட்டைப் பட்டறையில் இந்த வண்டிகள் வந்துகொண்டே இருந்தன. 'பின்னாடி சத்தம் வருது, ஆக்சிலை இறக்கிடுங்க' என்றுதான் வண்டிக்காரர்கள் சொல்வார்கள். எங்கள் மேஸ்திரி ஸ்பானரை எடுக்கவே விடமாட்டார். "எங்கே சத்தம்னு கேக்காதடா தம்பி, எப்போ சத்தம்னு கேளு" என்பார். அவர் சொல்லிக் கொடுத்ததில் பாதிக்குமேல் இந்த ஒரு வரிக்குள் அடங்கும்.

ஆக்சிலரேட்டரை மிதித்து இழுக்கும்போது மட்டும் ஊளைச் சத்தம் வந்தால், கிரவுனும் பினியனும் பல்லோடு பல் பொருந்தும் இடத்தில் தேய்மானம். காலை எடுத்து வண்டியைத் தன்போக்கில் ஓடவிடும்போது ஊளை கூடினால், பினியன் பேரிங் இளகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிளட்ச்சை விட்டதும் ஒரே ஒரு 'டக்' என்றால் முதல் சந்தேகம் ஜாயின்ட்மேல். நடு ஷாஃப்டில் இரண்டு, பக்க ஷாஃப்டுகளில் இரண்டு என மொத்தம் நான்கு கிராஸ். கிரீஸ் வற்றிய கிராஸின் கப் ஓரத்தில் துருநிறத்தில் பொடி படிந்திருக்கும். உள்ளே இருக்கும் ஊசி ரோலர்கள் அரைபட்டுத் துருவாக வெளியே வருவதுதான் அந்தப் பொடி. பெட்டியைத் திறக்காமலே கண்ணால் பார்த்துவிடலாம்.

'கடகட' என்ற உறுமல் வேகத்தோடு ஏறி, வளைவில் வண்டி ஒருபக்கம் சாயும்போது மாறினால், அது சக்கரத்துப் பேரிங். ஹெரால்டில் உயிருக்கே ஆபத்தான இடம் இதுதான். வெளிமுனையில் ஒரு பால் பேரிங், அதற்கு உள்பக்கம் ஒரு ஊசி பேரிங். அந்த ஊசிகள் தனி வளையம் இல்லாமல் ஷாஃப்டின் உடம்பின்மேலேயே உருளும். கிரீஸ் போகாத வண்டியில் அவை ஷாஃப்டிலேயே பள்ளம் பறித்துவிடும். ஜாக்கியில் ஏற்றி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தால் ஆட்டம் தெரியும். கழற்றியபின் அந்த இடத்தில் நகத்தை ஓட்டிப் பார்க்கச் சொல்வார் மேஸ்திரி. நகம் தட்டினால் அந்த ஷாஃப்டை மறுபடி மாட்டக் கூடாது. புது பேரிங்கைப் போட்டுச் சமாளித்த ஷாஃப்டு அந்தப் பள்ளத்திலேயே முறியும். சக்கரம் தனியே கழன்று ஓடும்.

டயரும் சாட்சி சொல்லும். கமான் பட்டை தளர்ந்த வண்டியில் பின் சக்கரங்களின் மேற்புறம் உள்ளே சாய்ந்து, டயரின் உள்விளிம்பு மட்டும் மொட்டையாகும். அதைப் பார்த்துப் பேரிங்கை மாற்றியவர்கள் பலர். பேரிங் புதிதாயிற்று, டயர் தேய்வது நிற்கவில்லை.

இந்த ஊசலாடும் ஷாஃப்டு வாங்குவோருக்கும் பிடிக்கவில்லை, பெரும்பாலான மெக்கானிக்குகளுக்கும் பிடிக்கவில்லை. 1970-களின் தொடக்கத்தில் அதே 948 சிசி இன்ஜினோடு ஸ்டாண்டர்டு கெஸல் வந்தபோது, பின்னால் முழு ஆக்சிலைப் போட்டுவிட்டார்கள். பராமரிக்கத் தெரிந்த கைகள் ஊர் முழுக்க இருந்திருந்தால் ஹெரால்டுக்கு அவ்வளவு கெட்ட பெயர் வந்திருக்காது என்றே நான் நம்புகிறேன். கிரீஸ் கன்னை மறந்தவர்கள்தான் வண்டியைக் குறை சொன்னார்கள்.

இன்று ஹெரால்டை மீட்டெடுப்பவர்கள் பெயின்டுக்கும் குரோமுக்கும் அள்ளிச் செலவழிக்கிறார்கள். அந்தப் பணத்தில் ஒரு பங்கைப் பின் ஷாஃப்டுகளுக்கு முதலில் ஒதுக்குங்கள். பழைய கை ஒருவர் அருகில் இருந்தால் வண்டியில் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டுங்கள். எந்தச் சத்தத்துக்கு அவர் என்ன சொல்கிறார் என்பதை அப்படியே எழுதி வையுங்கள். சென்னையில் பிறந்த காரைப் பற்றிச் சென்னையில் சேர்ந்த அறிவு அது. தயாரித்த நிறுவனமே இல்லாத நிலையில், அந்த வண்டிக்கு மிஞ்சியிருக்கும் சர்வீஸ் புத்தகமும் அதுவே.