விடுபட்ட சதகம்

பழவேற்காட்டு டச்சுக் கல்லறையின் வாயிலில் இரு எலும்புக்கூட்டுச் சிற்பங்கள். சாவைக் காட்டி இச்சையை அடக்கப் பார்க்கும் கிறிஸ்தவ மரபு அது. அங்கு நின்றபோது ஆபிரகாம் ரோஜேரியஸ்தான் என் நினைவுக்கு வந்தார். 1632 முதல் பத்தாண்டுகள் இங்கே கெல்ட்ரியா கோட்டையில் போதகர். பத்மநாபன் என்ற பிராமணர் போர்த்துகீசிய மொழியில் சொல்லக் கேட்டு எழுதிய இவர் நூல், இவர் இறந்தபின் 1651ல் லெய்டனில் அச்சாயிற்று. அதில் பர்த்ருஹரியின் வைராக்கிய சதகமும் நீதி சதகமும் இருக்கின்றன. சிருங்கார சதகம் இல்லை.

விட்டது போதகரா பிராமணரா என்பது எனக்கு இரண்டாம்பட்சம். சிருங்காரம் போனதும் வைராக்கியமும் வெளிறிவிடுகிறது என்பது என் கட்சி. மடத்துக்கும் வீட்டுக்குமாக ஏழுமுறை அலைந்த ஒரு பர்த்ருஹரியைப் பற்றி 7ஆம் நூற்றாண்டுச் சீன யாத்ரிகர் யிஜிங் எழுதியிருக்கிறார். (இவனே அவனா என்பது பண்டிதர் வழக்கு.) விழுந்தவனுக்குத்தானே துறக்க ஏதாவது இருக்கும்? ரோஜேரியஸின் கால்வினிய சபையும், மனிதன் தன் பலத்தால் பாவத்தை வெல்லமாட்டான் என்றே போதித்தது. தமிழ்க் கிறிஸ்தவர் இதற்கு வைத்திருக்கும் சொல் 'சோதனை'; தூண்டிலும் பரீட்சையும் அதில் ஒன்று.

சிருங்காரத்தை நீக்கியவர்களுக்குச் சோதனை பெண்ணுருவில் வருவது. இந்தக் கரையிலோ அது கணக்கேட்டில் வந்திருந்தது. 1622-23ல், பஞ்சத்தை ஒட்டி, பழவேற்காடு, தேவனாம்பட்டினம் முதலிய துறைகளிலிருந்து சுமார் 1,900 அடிமைகளைக் கம்பெனி கப்பலேற்றியது. பிற்பாடு போதகருக்குச் சம்பளம் கொடுத்ததும் அதே கம்பெனிதான். கையில் பணமிருந்தால் இன்னும் 2,000 பேரை வாங்கியிருக்கலாம் என்று அதிகாரிகள் குறைப்பட்டுக்கொண்டார்கள்.